வீடும் ஊரும் மேடையேறிய கதை



எங்கடை சங்கங்களின் எந்தக் கலைவிழாவை எடுத்தாலும் நிகழ்ச்சி நிரலில் ஒரு ஒழுங்கு இருக்கும். மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, பரதநாட்டியம், பிள்ளையளின் பேச்சு, சினிமாப் பாட்டுக்கு நடனம். இவ்வளவும் முடிஞ்சு, மண்டபத்துக்காரர் கதவு பூட்ட நேரமாச்சுது என்று சொல்லுகிற நேரத்திலைதான் ‘நாடகம்’ வரும். அரைமணித்தியாலம் என்று தந்த நேரம் பதினைந்து நிமிடமாகக் குறைஞ்சிருக்கும். இருந்தாலும் அதுவரைக்கும் வெளியிலை நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைச்ச ஆக்கள்கூட உள்ளுக்கு வந்து இருந்து பார்க்கிறது அந்த நாடகத்தைத்தான். அதிலை வாறது எங்கடை வீடு. அதிலை கேக்கிறது எங்கடை பேச்சு.

இந்த வீடும் இந்தப் பேச்சும் எங்கள் மேடைக்கு எப்போது வந்தன, ஆர் கொண்டு வந்தது என்பதைப் பற்றி இந்தப் புத்தாண்டு மலரில் எழுதலாம் என்று நினைத்தேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஏ.எல். வரையும் படிச்சுப்போட்டு வந்து இங்கே பக்டறியிலை வேலை செய்கிறவன். ஆனால் ஏ.எல்.லுக்கு நான் எடுத்த பாடங்களில் ஒன்று நாடகமும் அரங்கியலும். அதிலை படிச்சதையும் பிறகு வாசித்ததையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

களரியிலே இராசாக்கள்

எங்கள் ஊர்களில் ஆதியில் இருந்தது கூத்து. மட்டக்களப்பில் வடமோடி என்றும் தென்மோடி என்றும் இரண்டு வகை. யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலும் மன்னாரிலும் வேறு மரபுகள். கதைகள் பெரும்பாலும் பாரதத்திலிருந்தும் இராமாயணத்திலிருந்தும் வந்தவை. கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் கதையும் ஐரோப்பிய மன்னர்களின் கதையும் ஆடினார்கள். ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்று ஒரு கூத்தின் பெயர். எம்பரதோர் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்; சக்கரவர்த்தி என்று பொருள்.

பகலில் கடலுக்குப் போகிறவரும் கமம் செய்கிறவரும் ஓர் இரவுக்கு இராசாவாக நிற்பார்கள். கூத்தைப் பழக்குகிறவர் அண்ணாவியார். மட்டக்களப்பிலே ஆருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவருடைய பாட்டையும் வசனத்தையும் கையில் கொடுப்பதற்குச் ‘சட்டம் கொடுத்தல்’ என்று பெயர். பிறகு மாதக்கணக்கிலே பழக்கம். அதற்குப் பிறகு சதங்கை கட்டி, ஊர் கூடி, அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுகிற வழக்கமும் இருந்தது. அண்ணாவியார், மத்தளக்காரர், உடுப்புக்காரர், சாப்பாடு குடுக்கிற வீட்டுக்காரர் என்று முழு ஊருமே சேர்ந்துதான் ஒரு கூத்து எழும்பும்.

ஆக, ஆடினது ஊர். ஆனால் ஆடின கதை ஊரின் கதை இல்லை. கர்ணனுடைய கதை, இராவணனுடைய கதை. ஊர்ச் சண்டையும் சீதனப் பிரச்சினையும் வேலிக்கு அங்காலை கேக்கிற கதை. களரிக்கு அது வரவில்லை.

கூத்துக்கு அடுத்ததாக வந்தது இசை நாடகம். அதிலே யாழ்ப்பாணத்தார் மறக்கேலாத ஒரு பெயர் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). காங்கேசன்துறை வசந்த கான சபாவோடு அவர் ஆடிய மயான காண்டத்தைப் பார்க்கக் கோயில் வீதியில் பாய் விரித்து, விடிய விடிய இருந்தவர்கள் எங்கடை அம்மம்மாமார். அரிச்சந்திரன் நாடு இழக்கிறான், பொருள் இழக்கிறான், மனைவியையும் பிள்ளையையும் விற்கிறான், கடைசியிலே சுடலை காக்கிறான். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். புருஷன் பெண்சாதியிடம் சுடலைக் கூலி கேட்கிறான். பெயரளவிலே அது இராசா கதை. ஆனால் சனம் அழுதது ஒரு குடும்பம் சிதறிப்போனதைப் பார்த்துத்தான். பின்னாளிலே ஊரை விட்டு ஓடின எங்களுக்கு அந்தக் கதை விளங்குவதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

சபாக்களின் காலம்

நகரத்தில் படித்தவர்களின் நாடகம் வேறு வழியாக வந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீல்மாரும் உத்தியோகத்தரும் நடிக்கிற சபா அது. அவரையே குருவாகக் கொண்டவர் எங்கள் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982). 1913 இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபா தொடங்கியபோது அதிலே முன்னின்றவர். நேரத்துக்குத் தொடங்குகிறது, ஒத்திகை பார்க்கிறது, பாத்திரத்துக்கு ஏற்ற உடுப்புப் போடுகிறது ஆகிய ஒழுங்குகளை எங்கள் மேடைக்குக் கொண்டு வந்தவர் அவர்தான் என்றால் மிகையாகாது. சேக்ஸ்பியரின் கதையைத் தழுவிப் பம்மல் எழுதிய ‘வாணிபுர வணிகன்’ போன்றவை அந்தக் காலத்து நாடகங்கள்.

அவர் செய்த இன்னொரு வேலையை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1968 இல் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்று தன் அனுபவம் முழுவதையும் புத்தகமாக எழுதி வைத்தார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் அந்தக் காலத்து மேடையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம்.

ஆனால் அந்த மேடையிலும் பாத்திரங்கள் கதைத்தது புத்தகத் தமிழ். வீட்டிலே ஒருதரும் கதைக்காத தமிழ்.

உடையார் வீட்டுக்குள்ளே

வீட்டுத் தமிழை மேடைக்குக் கொண்டு வந்தவர், வேடிக்கை என்னவென்றால், ஒரு பெரிய பண்டிதர். பருத்தித்துறைப் பக்கம் புலோலியில் பிறந்து, இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. கணபதிப்பிள்ளை (1903–1968). கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் நடிப்பதற்காக அவர் எழுதிய நான்கு நாடகங்கள் 1940 இல் ‘நானாடகம்’ என்ற பெயரில் அச்சில் வந்தன. உடையார் மிடுக்கு, கண்ணன் கூத்து, முருகன் திருகுதாளம், நாட்டவன் நகர வாழ்க்கை என்பன அவை. பெயர்களைப் பாருங்கள். எந்த இராசாவும் இல்லை. மிடுக்கு, திருகுதாளம் என்று எங்கடை வீட்டிலே கதைக்கிற சொற்கள்.

இங்கே பிறந்த பிள்ளையளுக்காக ஒரு விளக்கம். உடையார் என்பவர் வெள்ளைக்காரன் காலத்து ஊர் அதிகாரி. விதானைமாருக்கு மேலே, மணியகாரனுக்குக் கீழே. அவர் வீதியாலை வந்தால் தோளில் கிடக்கிற சால்வை இடுப்புக்கு வரும். அப்படிப்பட்ட ஒருவருடைய மிடுக்கை மேடையில் ஏற்றி, சனத்தைச் சிரிக்க வைக்கிறது அந்தக் காலத்தில் சின்ன வேலை இல்லை.

நாடகம் என்றால் உலகத்தில் நடக்கிறபடி காட்ட வேண்டும், ஆகவே வீட்டிலும் வீதியிலும் கதைக்கிறபடியே மேடையிலும் கதைக்க வேண்டும் என்பது பேராசிரியர் கொண்ட கொள்கை. வடமராட்சிப் பேச்சை அப்படியே எழுதினார். பிறகு 1952 இல் ‘இரு நாடகம்’ வந்தது. ‘பொருளோ பொருள்’, ‘தவறான எண்ணம்’ என்ற இரண்டும் அதில் உள்ளவை. 1956 இல் யாழ்ப்பாணத்து மன்னனைப் பற்றி ‘சங்கிலி’ எழுதினார்.

இதை எல்லாரும் மெச்சினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகில் ‘மரபுப் போராட்டம்’ என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பேச்சுத் தமிழை இலக்கியத்தில் எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ என்று சில பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். இழிசனர் என்றால் ஆர்? கமக்காரனும் கடலுக்குப் போறவனும் கள்ளுச் சீவுறவனும் தோட்டத்திலை கொழுந்து பறிக்கிறவளும். எங்கடை ஆக்கள்தான். மொழியைப் பற்றிய வாக்குவாதம் போலத் தெரிந்தாலும் அடியிலே கிடந்த கேள்வி, ஆருடைய வீடு மேடைக்கு வரலாம் என்பதே.

எழுதி வைத்தவர்கள்

கணபதிப்பிள்ளையின் மாணவரான பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இன்னொரு வேலை செய்தார். அங்கே பேராசிரியர் சரச்சந்திர 1956 இல் சிங்கள நாடகமரபை வைத்து ‘மனமே’ என்ற நாடகத்தை ஆக்கிப் பெரும் புகழ் பெற்றிருந்தார். அந்தச் சிங்கள ‘நாடகம்’ மரபுக்கு அடி எங்கள் கூத்து. அப்படியிருக்க எங்கடை படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கிக் கொண்டிருந்தார்கள். வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு பல்கலைக்கழக மாணவர்களை ஆட வைத்தார். 1962 இல் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1967 இல் வாலி வதை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிறகு தானே பேராசிரியராகி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

அதோடு வித்தியானந்தன் அண்ணாவிமாரிடம் ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளைத் தேடி எடுத்து அச்சிட்டார். அலங்காரரூபன், எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி ஆகியவை 1960களில் இப்படிப் புத்தகமானவை. ஓர் அண்ணாவியார் கண்ணை மூடினால் அவரோடை ஒரு கூத்தும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1981 ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீடு வீடாக எத்தனை கொப்பிகள் போயின என்பதற்குக் கணக்கில்லை. தப்பியவை பெரும்பாலும் அச்சில் பல பிரதிகளாகி, பல ஊர்களுக்குப் போயிருந்தவை. இந்த இடத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பின்னுக்கு இதுக்கு வருவேன்.

எந்தையும் தாயும்

1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர் குழந்தை ம. சண்முகலிங்கம். நாடகத்தைப் படிப்பாகவும் பயிற்சியாகவும் ஆக்கியவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’வைப் பார்த்தோ நடித்தோ வளர்ந்தவர்கள் இந்த மலரின் வாசகர்களிலும் இருப்பார்கள்.

1985 இல் அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைக் க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்ய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். போருக்குள் அகப்பட்ட சனம் தன்னைத் தானே மேடையில் பார்த்தது. 1991 இல் ‘அன்னையிட்ட தீ’. போர் ஒரு வீட்டின் மனதுக்குள் செய்கிற வேலையைப் பற்றியது. 1992 இல் ‘எந்தையும் தாயும்’. பிள்ளையளை எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கிற வயது போன தாய் தகப்பனின் கதை.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்லாந்துக் கரைக்கு வெளியே உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அதிலிருந்து ஆறு வருஷம். நாங்களும் எங்கடை அண்ணைமாரும் இங்கே கடிதத்துக்கும் ரெலிபோனுக்கும் காத்திருந்த காலத்தில், அந்தப் பக்கத்து வீட்டின் கதையை அங்கே ஒருவர் மேடையேற்றிக் கொண்டிருந்தார். ஒரே குடும்பத்தின் இரண்டு பாதி. அவர்கள் தங்கடை பாதியைச் சொல்லிப் போட்டார்கள். எங்கடை பாதியைச் சொல்ல வேண்டியது நாங்கள்.

சண்முகலிங்கம் மாஸ்ரர் 2025 தை மாதம் தமது 93 ஆவது வயதில் காலமானார். அவருடைய நாடகங்கள் அச்சில் இருக்கின்றன.

கடல் கடந்த மேடை

நாங்கள் சொல்லவே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. க. பாலேந்திராவும் தோழர்களும் 1978 இல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்றுக் கழகம் பின்னர் இலண்டனில் தொடர்ந்து இயங்கியது. அவர்களின் ‘கண்ணாடி வார்ப்புகள்’ அமெரிக்கர் தென்னசி வில்லியம்ஸ் எழுதிய ஒரு தாய், மகன், மகளின் கதை. அமெரிக்கக் குடும்பம் என்றாலும், கலியாணம் பேசிச் சரிவராத மகளைப் பார்த்துத் தாய் படுகிற பாடு எங்கள் சனத்துக்கு அந்நியமாகப் படவில்லை.

இங்கே ரொறன்ரோவில் 1996 இல் மனவெளி கலையாற்றுக் குழு தொடங்கியது. ‘அரங்காடல்’ என்ற பெயரில் அவர்கள் நடத்திய நாடக விழாக்களுக்கு ரிக்கற் எடுத்துப் போய்ப் பார்க்கிற ஒரு பார்வையாளர் கூட்டம் உருவானது. பா. அ. ஜயகரன், செழியன் போன்றவர்கள் இங்கத்தைய வாழ்க்கையை வைத்தும் நாடகம் எழுதினார்கள். இரண்டு வேலை செய்து, நித்திரை முழிச்சு, ஒத்திகைக்கு வந்த ஆக்கள் செய்த காரியம் இது. சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் போட்ட சின்னச் சின்ன நாடகங்கள் எத்தனையோ. அவற்றின் பிரதிகள் எங்கே? பெரும்பாலும் ஆரோ ஒருவருடைய பேஸ்மென்ற் பெட்டிக்குள். அல்லது பழைய வீடியோக் கசெற்றில். கசெற் போடுகிற மெசினும் இப்போது வீட்டிலே இல்லை. நூலகம் எரிந்ததற்கு மற்றவனைக் குற்றம் சொல்லலாம். இதுக்கு ஆரைச் சொல்லுறது?

மற்றச் சனங்கள் என்ன செய்தார்கள்?

இந்த நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1968 இல் மொன்றியலில் மிஷெல் திறம்பிளே என்பவரின் ‘லே பெல் சேர்’ என்ற நாடகம் மேடையேறியது. ‘மச்சாள்மார்’ என்று பொருள். ஒரு பெண்ணுக்குப் பத்து இலட்சம் பரிசு முத்திரை விழுகிறது. அவற்றைப் புத்தகங்களில் ஒட்டுவதற்குச் சகோதரிமாரையும் அயலவரையும் தன் குசினிக்குக் கூப்பிடுகிறாள். 15 பெண்கள், ஒரு குசினி, எரிச்சல், பொறாமை, களவு. அவ்வளவும்தான் நாடகம். ஆனால் அவர்கள் கதைத்தது மொன்றியல் கிழக்கில் தொழிலாளர் வீடுகளில் கதைக்கிற பிரெஞ்சு. படித்தவர்கள் வெட்கக்கேடு என்றார்கள். எங்கள் ‘இழிசனர் வழக்கு’ வாக்குவாதம் அப்படியே அங்கேயும். இன்றைக்கு அது கியூபெக் நாடகத்தின் பெருமை. பல மொழிகளில் ஆடப்பட்டிருக்கிறது.

ரொறன்ரோவில் கொரியர் ஒருவர், இன்ஸ் சோய், ஒரு மூலைக்கடைக் குடும்பத்தை வைத்து ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ எழுதினார். முதலில் எடுத்துப் போட ஒரு நாடகக் கொம்பனியும் கிடைக்கவில்லை. 2011 இல் ரொறன்ரோ பிறிஞ் விழாவில் போட்டார். அடுத்த வருஷம் பெரிய மேடை. 2016 முதல் 2021 வரை சீ.பி.சி. தொலைக்காட்சியில் தொடராக ஓடியது. அதிலே வருகிறது தகப்பனுக்கும் பிள்ளையளுக்கும் இடையிலே இருக்கிற முறுகல்தான். எங்கள் எந்த வீட்டில் அது இல்லை?

எங்கடை பிள்ளை ஒருவரும் செய்து காட்டியிருக்கிறார். அவுஸ்திரேலியாவில் வளர்ந்த எஸ். சக்திதரன் எழுதிய ‘கவுண்டிங் அன்ட் கிறாக்கிங்’ 2019 இல் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறியது. கொழும்பிலிருந்து சிட்னி வரை ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறை. மூன்று மணித்தியாலத்துக்கு மேலே. மேடையிலே தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வரும். தாய் வாய் திறந்து சொல்லாமல் விட்ட குடும்ப வரலாற்றைத் தேடப் போனதிலிருந்து வந்த நாடகம் அது. 2022 இல் எடின்பரோவுக்கும் 2024 இல் நியூயோர்க்குக்கும் போனது.

டோர்செற் பார்க்கிலே என்ன கதை?

கென்னடி வீதியும் எல்ஸ்மியரும் லோரன்ஸும் சூழ்ந்த எங்கள் டோர்செற் பார்க்கிலே வரலாறு என்ன இருக்கு என்று கேக்கிற ஆக்கள் இருக்கினம். இருக்கு. 1950களில் தோட்டக் காணிகள் வீடுகளான இடம் இது. இங்கிருந்து தென்மேற்காகக் கொஞ்சத் தூரத்தில், வார்டன், எக்ளின்ரன் பக்கத்திலே, இரண்டாம் உலகப்போரின்போது ஜீக்கோ என்ற பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை 1941 முதல் இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். வெடிமருந்தோடு வேலை, நாள் முழுக்க ஷிப்ற். போர் முடிந்த பிறகு அந்தக் கட்டடங்களிலேயே வீடில்லாத குடும்பங்கள் குடியிருந்தன.

இதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஷிப்ற் முடிந்து குளிருக்குள்ளே பஸ்ஸுக்கு நிற்கிற எங்கடை அக்காமாருக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையிலே ஒரே மண், ஒரே காற்று. தற்காலிகக் குடியிருப்பில் பிள்ளை வளர்த்த அந்தக் குடும்பங்களுக்கும் ஒரு இரண்டறை அப்பாட்மென்றில் எட்டுப் பேர் இருந்து தொடங்கின எங்கள் குடும்பங்களுக்கும் கதைக்க நிறைய இருந்திருக்கும். 1985 இல் ஓடத் தொடங்கி, 2023 ஆடி மாதம் ஒரு பெட்டி தடம் புரண்டதோடை நிண்டுபோன ஸ்காபரோ ஆர்.ரீ. இரயிலிலே எல்ஸ்மியரிலும் லோரன்ஸ் ஈஸ்ரிலும் ஏறி வேலைக்குப் போன தமிழர் எத்தனை பேர்! அந்த ஸ்ரேசன் படிக்கட்டும் இப்போது வரலாறுதான்.

ஆகவே எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒருக்கா, நிகழ்ச்சி நிரலின் வாலிலே பதினைந்து நிமிட நாடகம் என்கிறதை விட்டுவிட்டு, ஒரு பருவத்துக்கு மூன்று நாடகம் போடுவோம். முதலாவது, எங்கடை வீடுகளில் இருக்கிற அம்மம்மா, அப்பப்பாமாரின் ஊரைப் பற்றி. இரண்டாவது, வந்து சேர்ந்த கதை. ஏஜென்சிக்குக் கட்டின காசு, இடையிலே நிண்ட நாடுகள், முதல் பனி. மூன்றாவது, இந்த டோர்செற் பார்க்கைப் பற்றி. பெரிய மேடை தேவையில்லை. நூலக மண்டபமோ பள்ளிக்கூட ஜிம்மோ காணும். வட்டக்களரிக்கு மேடையே தேவைப்படவில்லையே!

பிள்ளையளுக்குத் தமிழ் போதாது என்று சொல்லுவினம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணுகிற தமிழ் அவர்களுக்கு வராது; உண்மைதான். ஆனால் “அம்மா பசிக்குது”, “அப்பா எங்கை போட்டார்?”, “அம்மம்மா ஏசிறா” என்கிற தமிழ் அவர்களுக்கு இருக்கிறது. கணபதிப்பிள்ளை 1940 இல் அச்சேற்றினதும் இந்தத் தமிழைத்தான். பேச்சுப் போட்டியிலே பிழையாகிற அந்தத் தமிழ் நாடகத்திலே சரியாகிறது. இடையிலே ஆங்கிலம் வந்தால் வரட்டும். எங்கள் வீடுகளில் அப்படித்தானே கதைக்கிறோம். ஒரு பாட்டியாக நடிக்க வேண்டிய பேத்தி, பாட்டியிடம் போய், “நீங்கள் எப்படி இருமுவீங்கள், எப்படிப் பாக்கு இடிப்பீங்கள், வெளிக்கிட்ட அண்டைக்கு என்ன சொன்னீங்கள்?” என்று கேட்டுத்தானே ஆகவேணும்? அந்தக் கேள்விக்காகவே நாடகம் போடலாம்.

இன்னொரு தடையும் வரும். “வீட்டு விஷயத்தை ஏன் சபைக்குக் கொண்டு வாறியள்?” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சீதனம், சாதி, குடி, வயது போன ஆக்களைத் தனிய விடுகிறது, போரிலே நடந்ததைப் பற்றி வாய் திறக்காமை, இதுகளை விட்டுவிட்டுப் பொங்கல் பானையையும் பனைமரத்தையும் மட்டும் காட்டினால் அது பாரம்பரியம் ஆகாது, கலண்டர்ப் படம். உடையாரைப் பார்த்துச் சிரிக்க 1930களின் யாழ்ப்பாணத்தாருக்கு ஏலுமாய் இருந்தது. எங்களுக்கு ஏலாதா? ஆனால் ஒரு கட்டுப்பாடு வேணும். ஒரு வீட்டின் கதையை எடுத்தால் அந்த வீட்டாரின் சம்மதத்தோடுதான் எடுக்க வேண்டும். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். கதை கேட்டுக் கொண்டுபோய் அவர்களையே கூசப்பண்ணுகிறது கலை இல்லை.

கடைசியாக, போடுகிற ஒவ்வொரு நாடகத்தையும் எழுதி வைக்க வேண்டும். பேச்சுத் தமிழிலேயே, கதைக்கிறபடியே. எழுதினதை இந்த மலரிலேயே அச்சிடலாம். இரண்டு பிரதியை எங்கடை வட்டார நூலகத்துக்குக் குடுக்கலாம். இணையத்திலும் போடலாம். ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று 1981 எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. பல இடத்தில் இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.

எங்கள் வீடுகளில் எண்பது தாண்டினவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மயான காண்டம் பார்த்த கண்கள், உடையாருக்குப் பயந்து ஒதுங்கின தாய் தகப்பனின் பிள்ளைகள். ஒவ்வொரு மாரியும் போகப் போக அந்தக் கதிரைகளில் ஒன்று இரண்டு வெறுமையாகிறது. வித்தியானந்தன் அண்ணாவிமாரைத் தேடிப் போன மாதிரி நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் காணும். இந்தச் சித்திரைக்குக் கைவிசேடம் வாங்கும்போது, ஒரு கதையையும் கேட்டு வாங்குங்கள். வாங்கினதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வருஷம் அதை மேடையேற்றுவோம்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.